இட்லிப்பூச் செடியை இடம் மாற்றுவது எப்படி?

முதலில் அது இட்லிப்பூதானா என்று பாருங்கள். கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிராக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும். அந்த இரண்டு இலைக்கும் நடுவே தண்டில் கூரான சிறு செதில் ஒன்று தெரியும். காபிச் செடியின் குடும்பம் என்பதற்கு அதுவே அடையாளம். பூ இல்லாத நாளிலும் கண்டுபிடித்துவிடலாம். பூவில் நீண்ட குழல், நான்கு இதழ். இதழ் கூராக இருந்தால் நம்மூர் வெட்சி. நுனி உருண்டிருந்தால் பெரும்பாலும் சீன வகை. மாற்றும் முறை ஒன்றுதான்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மாற்றுவது நல்லது. சித்திரை, வைகாசியில் தொடவே வேண்டாம்.

1. மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே, மூன்றடிச் செடி என்றால் தண்டிலிருந்து முக்கால் அடி தள்ளி, சுற்றிலும் கடப்பாரையை இறக்கி வேரை வெட்டிவிடுங்கள். அந்த வட்டத்துக்குள் புது வேர் விடும். அவசரக்காரர்கள் தவறவிடும் படி இது.

2. முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண் தூக்கும்போது உதிரும். வேரைப் பற்றியிருக்கும் தாய்மண் உதிர்ந்தால் மெல்லிய வேரெல்லாம் அறுந்துபோகும். செடி சாவது பெரும்பாலும் இதனால்தான்.

3. மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்து, மாலையில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, அடியில் சாக்கைச் செருகி மண்ணோடு தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது.

4. புதுக்குழி இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பழைய மண்மட்டத்துக்கு மேல் தண்டு புதையக் கூடாது, புதைந்தால் அழுகும்.

இரண்டு வாரம் நிழல் கட்டுங்கள். இலை கொட்டினால் பதறாதீர்கள். தண்டை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா, செடி உயிரோடு இருக்கிறது. வாடுகிறதே என்று தினமும் குடம் குடமாக ஊற்றுவதும், உடனே யூரியா போடுவதும்தான் ஆபத்து. புதுத்துளிர் வரும்வரை உரமே வேண்டாம்.

இடத்தில் ஒரு எச்சரிக்கை: சிமென்ட் சுவர் ஓரம் வேண்டாம். இதற்குப் புளிப்பு மண் பிடிக்கும். சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பும் உப்பான போர்த் தண்ணீரும் இரும்புச்சத்தை வேர் எடுக்கவிடாமல் செய்யும். அப்போது இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் தேறும். அடி இலை மட்டும் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, தொழுவுரம் போதும்.

பூ கிளை நுனியில்தான் வரும். கொத்து வாடியதும் அதற்குக் கீழே ஒரு கணு விட்டு வெட்டுங்கள், பக்கக்கிளை வெடித்துப் புது மொட்டு வரும்.