தெரிந்தவர் எண்ணிலிருந்து வரும் மோசடி

நன்றாகப் பழகிய ஒருவரின் எண்ணிலிருந்தே, “என் 6 இலக்க எண் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்களேன்” என்று செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கை வேறொரு போனில் திறப்பதற்கான எண். கேட்பவரின் கணக்கும் அநேகமாக இப்படித்தான் பறிபோயிருக்கும். எண்ணை அனுப்பிவிட்டால் உங்கள் கணக்கும் மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும்; அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லியே எல்லோரிடமும் அவசரக் கடன் கேட்பார்கள்.

யார் பணம் கேட்டாலும் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். “மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது” என்று பதில் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கட்டும்!

வாட்ஸ்அப் அமைப்புகளில் இரு படிச் சரிபார்ப்பை (6 இலக்க எண்ணோடு இன்னொரு ரகசிய எண்ணையும் கேட்கும் பாதுகாப்பு) இயக்கி, ஒரு பின் எண்ணும் வைத்துவிடுங்கள். கணக்கு ஏற்கெனவே போய்விட்டதா? உங்கள் எண்ணைக் கொண்டு உடனே மறுபடி பதிவுசெய்யுங்கள். அந்த ஆள் தானாக வெளியேற்றப்படுவார்.