உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள்: போர்க்காலக் கடிதப் பெட்டியை ஒழுங்குபடுத்துவது எப்படி?

அமெரிக்காவில் என் பக்கத்து வீட்டுப் பெண்மணி தம் பெற்றோரின் கடிதப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். தந்தை இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த கடற்படை விமானி. தாய் ஊரில் காத்திருந்தவர். பெட்டியில் இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: ரிப்பனை அவிழ்க்கும் முன் ஒவ்வொரு கடிதக் கட்டையும் படம் எடுங்கள். அந்தக் கட்டு விமானியின் மனைவி வகுத்த வரிசை.

படி 2: துருப்பிடித்த கிளிப்பை இழுக்காமல், மெல்ல நெம்பி எடுங்கள். செல்லோடேப்பைத் தொடாதீர்கள். கையுறை வேண்டாம், கழுவி உலர்ந்த கையே நல்லது.

படி 3: தேதி வரிசை. இங்கேதான் நான் விழுந்தேன். கடிதங்களை விரித்து ஒரு பக்கமும், உறைகளை இன்னொரு பக்கமும் அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன்: பாதிக் கடிதங்களின் தலையில் "செவ்வாய் இரவு" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. தேதி, தபால்தலைக்குப் பதிலாகப் போர் வீரர்கள் கையால் எழுதிய "இலவசம்" என்ற சொல், தணிக்கையாளரின் முத்திரை எல்லாம் உறையில்தான் இருந்தன.

மீட்டுக்கொடுத்தது விமானியின் லாக் புக், அதாவது பறந்ததைக் குறித்து வைக்கும் ஏடு. எங்கே இருக்கிறோம் என்று எழுதத் தணிக்கை விடாது. ஆனால் எப்போது பறந்தார், எத்தனை மணி நேரம் என்பது அந்த ஏட்டில் உண்டு. ஒரு கடிதத்தின் தலையில் "அக்டோபர், செவ்வாய் இரவு" என்று மட்டும் இருந்தது. "நேற்று இருட்டில் இறங்கினேன், கை நடுக்கம் அடங்க நேரமானது" என்று எழுதியிருந்தார். 1944 அக்டோபரில் ஐந்து செவ்வாய்க்கிழமைகள். ஏட்டில் திங்களன்று இரவு இறங்கியது ஒரே முறை, 16-ஆம் தேதி. ஆக, கடிதம் 17. அன்று மாலை முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவி தம் கடிதங்களுக்கு எண் போட்டிருந்தார். "உன் 31 வந்துவிட்டது, 29 இன்னும் வரவில்லை" என்று கணவர் புலம்புகிறார். கப்பல் தபால் அப்படித்தான் முன்பின்னாகச் சேரும். ஆகவே இருவர் கடிதங்களையும் தனித்தனிக் கோப்புகளில் வைக்காமல், கேள்வியும் பதிலுமாகக் கோத்து வையுங்கள். நீங்கள் இடும் வரிசை எண்களைப் பென்சிலால் மட்டும், உறையின் பின்பக்கம் எழுதுங்கள்.

படி 4: தட்டை ஸ்கேனர், 600 டிபிஐ. தாளை உள்ளிழுக்கும் வகை வேண்டவே வேண்டாம். லேமினேஷன் செய்யச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

படி 5: நினைவுப்பொருள்கள். விமானியின் தங்கச் சிறகுச் சின்னத்தின் சிறு வடிவை மனைவிமார் ஊக்காக அணிவார்கள். இந்தப் பெட்டியில் இருந்ததன் கொக்கியில் நீலக் கம்பளி இழை ஒன்று சிக்கியிருக்கிறது. பாலீஷ் போடவில்லை, இழையையும் எடுக்கவில்லை. அமிலமில்லாத காகிதத்தில் சுற்றித் தனியாக வைத்தேன்.

பின்சேர்க்கை: சில கடிதங்கள் மட்டும் உள்ளங்கை அளவில் வழவழப்பாக இருக்கின்றனவே என்று ஒரு வாசகர் கேட்டார். அவை வி-மெயில். 1942 ஜூனில் தொடங்கியது. கடிதத்தைச் சுருள் படமாக்கி அனுப்பி, போய்ச்சேரும் இடத்தில் புகைப்படத் தாளில் அச்சிட்டார்கள். புகைப்படங்களைப் போலவே தனி உறையில் வையுங்கள். எந்தக் கடிதத்தின் இடத்திலிருந்து எடுத்தீர்களோ, அங்கே ஒரு குறிப்புச் சீட்டு இருக்கட்டும்.