கிளாட் எழுத வேண்டுமா? மே மாதம் கேட்காதீர்கள், ஜூலையிலேயே கேளுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். 600க்கு 541. அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். "அக்கா, நான் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். எங்கே விண்ணப்பம் வாங்குவது?" என்று கேட்டாள். அதில் சேர எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு கிளாட். அந்த ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்வு ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. பதினேழு வருடங்களாக வழக்கறிஞராக இருக்கிறேன். என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருந்த பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

முதலில் நாள்காட்டி. கிளாட் முன்பெல்லாம் கோடையை ஒட்டி நடந்தது. 2022 முதல் டிசம்பருக்கு மாறிவிட்டது. விண்ணப்பம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் திறக்கும். அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடிவிடும். அதாவது, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் நேரத்திலேயே இதையும் எழுதியாக வேண்டும். "முதலில் பொதுத்தேர்வை முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் ஓராண்டு போய்விடும்.

தகுதியில் பயப்பட ஒன்றுமில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தாலும் எழுதலாம். 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. வயது உச்சவரம்பு கிடையாது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஆனால் சான்றிதழில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் வேறு. மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. அதைத் தனியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஜூலையிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி தேர்வு. 120 கேள்விகள், 120 நிமிடங்கள், முழுவதும் ஆங்கிலம். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு என ஐந்து பகுதிகள். எல்லாமே பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்பவை. ஒரு பத்தி 450 சொற்கள் வரை போகும். சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. விதியைப் பத்தியே சொல்லிவிடும். அதை நிகழ்வோடு பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் எண்ணூரை வைத்துத்தான் விளக்குவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியது. மாடிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் அந்தப் பிசுக்கைத் தங்கள் வீட்டு வலையிலிருந்து துடைத்தவர்கள். ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் வைத்திருப்பவன், அது வெளியேறித் தீங்கு செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாவான் என்பது 1868இல் இங்கிலாந்தில் உறுதியான விதி. ஆனால் இயற்கைச் சீற்றம் காரணமென்றால் அவன் தப்பிக்கலாம். டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இல் நம் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு அந்த விலக்குகூடக் கிடையாது என்றது. இரண்டையும் சொல்லிவிட்டு, "ஓர் ஆலை, வெள்ளம்தான் எண்ணெயை அடித்துக்கொண்டு போனது என்கிறது. பொறுப்பு உண்டா?" என்று கேட்டேன். எண்ணூர்ப் பையன் ஒருவன் எழுந்தான். "மழை வானத்திலிருந்து வந்தது அக்கா, எண்ணெயும் வானத்திலிருந்தா வந்தது?"

அவன் கோபம் நியாயமானது. ஒரு வழக்கறிஞருக்கு அந்தக் கேள்வி வேண்டும். ஆனால் தேர்வில், பத்தியில் பழைய விதி மட்டும் இருந்தால், ஆலை தப்பிக்கும் என்ற விடையைத்தான் அவன் குறிக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததையும் நாம் பட்டதையும் ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்த விதியை மட்டும் பார்ப்பது. சட்டத் தர்க்கத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். இதற்கு இரண்டு மாதமாவது பழக வேண்டும்.

தமிழ்வழி பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் மலை. எங்கள் மாடியில் பலன் கொடுத்த வழி இது: ஒரு செய்தியைப் பற்றித் தமிழ் நாளிதழின் தலையங்கத்தை முதலில் படிக்க வேண்டும். பிறகு அதே பொருளில் ஆங்கில நாளிதழின் தலையங்கம். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் சொற்கள் பிடிபடும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய நாளிதழ்களே போதும். நடப்பு நிகழ்வுகளுக்கும் அதுவே படிப்பு. பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கினால் தினம் ஒரு தலையங்கம் போதும். பன்னிரண்டில் தொடங்குபவர்களுக்கு மூன்று. பயிற்சி மையத்தில் பணம் கட்ட முடியாதவர்கள் முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் பதிவிறக்கி, கடிகாரம் வைத்து எழுதுங்கள். தவறான விடைகளைத் திரும்ப எடுத்து, ஏன் தவறு என்று கையால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான்: சதவீதம், விகிதம், சராசரி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், எனவே துளியும் தெரியாததை விட்டுவிடுங்கள். ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டங்களைப் பேனாவால் நிரப்புவதையும் வீட்டில் பழகுங்கள். நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது.

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் கிளாட் வழியாகத்தான் சேர்க்கிறது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஐலெட் என்ற தனித் தேர்வு. இந்தக் கல்லூரிகளில் கட்டணம் லட்சங்களில் போகும். கல்விக் கடன் பற்றி வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் 2021 முதல் உண்டு. எங்கள் தெருப் பெண் அந்த வழியில்தான் விண்ணப்பித்தாள். இப்போது பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். விடியற்காலையில் கிளம்பித் திருவள்ளூர் ரயிலைப் பிடிக்கிறாள். ஜூலை பிறந்ததும், தெருவில் யார் யார் பிளஸ் டூ என்று வீடு வீடாகக் கேட்டு, பெயர்ப் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.