ஒரே பரலில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள்

போன வாரம் நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் ஒரு தம்பியின் பொலிடனலுக்கு, அதாவது பயிர் வளர்க்கும் பொலித்தீன் கூடாரத்துக்குப் போயிருந்தேன். பசளை கரைக்கும் பரலுக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த வெள்ளை மண்டியை அள்ளிக் காட்டினான். "அண்ணே, எவ்வளவு கலக்கினாலும் கரைய மாட்டேங்குது. கலப்படமா இருக்குமோ?"

கலப்படம் இல்லை. நான் தொழில் தொடங்கிய வருசம் இதே மண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்டேன். பசளை கரைக்கும்போது நாம் விடுகிற பிழைகளைச் சொல்கிறேன். நிறுக்காமல் போடுவது, மூடாமல் வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

கல்சியத்தோடு சல்பேற்றைச் சேர்ப்பது

கல்சியம் நைத்திரேற்று தண்ணீரில் சீனி மாதிரிக் கரையும். எப்சம் உப்பு என்கிற மக்னீசியம் சல்பேற்றும் அப்படித்தான். தனித்தனியே நன்றாகக் கரைகிற இரண்டும் சேர்த்துப் போட்டாலும் கரையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கரைந்த கல்சியமும் சல்பேற்றும் தண்ணீருக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜிப்சம் என்கிற வெள்ளை மண்டியாகிவிடும். அது லீற்றருக்கு இரண்டரை கிராம்கூடச் சரியாகக் கரையாது. 200 லீற்றரில் 20 கிலோ கல்சியம் நைத்திரேற்றும் 10 கிலோ எப்சம் உப்பும் கொட்டினால், 6 கிலோவுக்கு மேல் ஜிப்சம் அடியில் உட்கார்ந்துவிடும்.

அன்றைக்கு எனக்கு இது தெரியாது. "எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க" என்று பசளை விற்றவர் சொன்னதை நம்பினேன். விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினேன். ஜிப்சத்துக்குச் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். துணியில் வடித்தேன்; மாவாக இருந்தது துணியைத் தாண்டிப் போய்ச் சொட்டுக் குழாயின் கண்களை அடைத்தது. அசிட்டில் ஊறவைத்தேன். சுண்ணாம்புப் படிவாக இருந்தால் பொங்கிக் கரைந்திருக்கும், இது அசையவில்லை. குழாய் முழுவதையும் மாற்றினேன். காசு கொடுத்து வாங்கிய கல்சியம் பரலின் அடியில் கிடக்க, கறிமிளகாய்கள் கல்சியம் இல்லாமல் நுனி கறுத்து அழுகின. இன்றும் யாராவது "ஒண்ணாப் போடுங்க" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு பரல் வையுங்கள். ஒன்றில் கல்சியம் நைத்திரேற்று. மற்றதில் சல்பேற்றும் பொஸ்பேற்றும். பொஸ்பேற்றும் கல்சியத்தோடு சேர்ந்தால் மண்டிதான். அள்ளும் கோப்பையும் வேறுவேறாக இருக்கட்டும். நூறு மடங்கு தண்ணீர் சேர்த்த பிறகு இரண்டும் சந்திக்கலாம். அந்த அளவில் ஜிப்சம் கரைசலிலேயே நிற்கும்.

இரவுக் குளிரை மறப்பது

பொட்டாசியம் நைத்திரேற்று 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 300 கிராமுக்கு மேல் கரையும். 0 பாகையில் 130 அளவுதான். தை மாதம் நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் இரவுகளில், பகலில் தெளிவாக இருந்த கரைசல் விடியும்போது ஊசி ஊசியாகப் பளிங்கு கட்டியிருக்கும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெயில் ஏறியதும் கலக்கினால் கரைந்துவிடும்.

யூரியாவை முதலில் போடுவது

அது கரையும்போதே வாளி சில்லிட்டுவிடும்; அந்தக் குளிரில் மற்றவை சரியாகக் கரையாது. கடைசியில் போடுங்கள்.

டொலமைற்றைக் கரைக்கப் பார்ப்பது

அது சுண்ணாம்புக்கல் மாதிரி ஒரு கல்லின் மாவு; தண்ணீரில் கரையாது. மண்ணில் தூவுங்கள்.

மண்டியை ஓடையில் கொட்டுவது

அந்தத் தம்பியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: இரண்டு தரம் கழுவி, சாக்கில் பரப்பிக் காயவைத்து, உருளைக்கிழங்குப் பாத்தியில் தூவுங்கள். மழை விழ விழக் கல்சியம் மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.