சமகாலக் கலையைப் பற்றி வீட்டிலும் கோப்பிக்கடையிலும் பேசுவது எப்படி

சிங்கப்பூரில் தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டில் விளக்கு ஏற்றிய மறுநாளே நம் ஆட்கள் விமர்சனத்தைத் தொடங்கிவிடுவார்கள். போன வருஷத்து வளைவு இதைவிட நல்லா இருந்தது, இந்த மயிலுக்குக் கழுத்து ஏன் இப்படி, பச்சை கொஞ்சம் தூக்கல், கோயில் பக்கம் ஒன்றுமே காணோம். இதைப் பேச யாரும் கலை வரலாறு படித்துவிட்டு வருவதில்லை. பார்த்ததைச் சொல்கிறார்கள், முன்பு பார்த்ததோடு ஒப்பிடுகிறார்கள், அந்தத் தெருவுக்கு இது ஒட்டுகிறதா என்று கேட்கிறார்கள். அதே ஆட்களை ஒரு அரும்பொருளகத்துக்குள் அழைத்துக்கொண்டு போனால் வாய் கட்டிவிடும், இல்லாவிட்டால் மூன்று வாக்கியங்களில் ஒன்று வரும்: "எனக்குப் புரியல", "இதை என் புள்ளையே பண்ணிடும்", "இதுக்கா இவ்வளவு காசு?"

இந்த மூன்றையும் சொல்லக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னதோடு பேச்சை முடித்துவிடாமல் அடுத்த வாக்கியத்துக்கு எப்படிப் போவது என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில், என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்

ஆர்ச்சர்ட் ரோட்டில் அயன் கடைத்தொகுதிக்கு வெளியே ஆளைவிடப் பெரிய ஒரு வெண்கல உருவம் நிற்கிறது. அதன் முன்னால் படம் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம், பெரும்பாலோர் அது என்னவென்று யோசித்திருக்க மாட்டார்கள். குமாரி நாகப்பன் செய்த சாதிக்காயும் சாதிபத்திரியும் அது. இங்கே ஒரு சின்னப் பயிற்சி: அதைப் பார்க்காத ஒருவருக்கு, உதாரணமாக ஈப்போவில் இருக்கும் உங்கள் சித்திக்கு, ஃபோனில் அதை விவரித்துப் பாருங்கள். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற பேச்சே எடுக்காமல். எவ்வளவு பெரியது, எதனால் ஆனது, சுற்றி என்ன இருக்கிறது, மக்கள் அதன் பக்கத்தில் என்ன செய்கிறார்கள்.

சித்தி கட்டாயம் கேட்பார், "பிரியாணிக்குப் போடுற சாமானை எதுக்கு அங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க?" இதைவிட நல்ல கேள்வியை எந்தக் கலை விமர்சகரும் கேட்கப் போவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆர்ச்சர்ட் ரோட்டின் இருபுறமும் சாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. 1850களில் நோய் தாக்கி மரங்கள் அழிந்தன, தோட்டங்கள் போயின, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உருவத்தை மறுபடி பார்த்தால், கைப்பை விற்கும் கடைகளுக்கு முன்னால் அந்த மண்ணின் பழைய சொந்தக்காரர் வந்து நிற்பதுபோல எனக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி படலாம். கடைத்தொகுதிக்கு அலங்காரம், அவ்வளவுதான் என்றும் சொல்லலாம், அதுவும் பேச வேண்டிய கருத்துதான். (இதே கலைஞரின் சிவப்பு மிளகாய் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, நாம் சின்ன வயதில் பொறுக்கிச் சேர்த்த சாகா விதை, அதாவது ஆனைக்குன்றிமணி, சாங்கி 3ஆம் முனையத்தில். விமானத்துக்கு ஆள் அனுப்பப் போகும்போது பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.)

ஆக, கேள்விகள் சாதாரணமானவை: ஏன் இந்தப் பொருள், ஏன் இந்த அளவு, ஏன் இந்த இடம். இவற்றில் இடம் என்பதைத்தான் நாம் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறோம்.

இடத்தை மாற்றிப் பாருங்கள்

2017இல் ஜாலான் ராஜாவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டில் தங்கத் தாள் ஒட்டப்பட்ட கதை பலருக்கு நினைவிருக்கும். செய்தவர் பிரியாகீதா தியா, அப்போது லாசால் கலைக் கல்லூரி மாணவி, அவர் குடியிருந்த புளோக் அது. தினமும் மிதித்து ஏறும் சிமெண்ட் படி ஒருநாள் தகதகவென்று மின்னியது. நகர மன்றம், இதற்கு அனுமதி இல்லை என்றது. இணையத்தில் இரண்டு கட்சி உருவானது: ஒரு கட்சிக்கு அது அழகு, இன்னொரு கட்சிக்கு அது பொதுச் சொத்தில் கை வைக்கும் வேலை. பிறகு தங்கம் அகற்றப்பட்டது.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை, ஏனென்றால் இதில் எல்லோருக்கும் கருத்து உண்டு. கலை பிடிக்காதவருக்குக்கூட வீவக படிக்கட்டைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். பேச்சு "நல்லது, கெட்டது" என்று சுற்றிச் சுற்றி வந்தால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக் கேளுங்கள். அதே படிக்கட்டை ஒரு கலைக்கூடத்துக்குள் கட்டித் தங்கம் ஒட்டியிருந்தால் யாராவது சண்டை போட்டிருப்பார்களா? நகர மன்றமே ஆள் வைத்து ஒட்டியிருந்தால்? தங்கத்துக்குப் பதிலாக நீலத் தாள் என்றால்? நம் வீடுகளில் தங்கம் என்றாலே பேச்சு வேறு தொனிக்குப் போய்விடும், கல்யாணம், அடகு, பாட்டியின் வளையல் என்று. அந்தத் தங்கத்தைக் காலால் மிதிக்கிற இடத்தில் வைத்தது உங்களுக்கு உறுத்துகிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், "அனுமதி வாங்கினாளா இல்லையா" என்பதைவிட நீண்ட உரையாடல் இந்தக் கேள்வியிலிருந்துதான் வரும்.

அனுமதி பற்றிய வாதமும் வீண் இல்லை. 2012இல் சமந்தா லோ என்ற கலைஞர் சாலையைக் கடக்கும் பொத்தான்களில் வேடிக்கையான சிங்லிஷ் (சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம்) ஸ்டிக்கர்களை ஒட்டினார், "என் தாத்தா ரோடு" என்ற பொருள்பட சாலையில் ஸ்டென்சில் அடித்தார், கைதானார், அடுத்த ஆண்டு 240 மணி நேர சமூக சேவை தண்டனை கிடைத்தது. சட்டப்படி அது சரி என்று நினைத்துக்கொண்டே அந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

"இதை நானே பண்ணிடுவேனே"

பண்ணிப் பாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1972இல் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சியோ சாய் ஹியாங் என்ற கலைஞர் இங்குள்ள நவீன ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு ஓவியம் எதையும் அனுப்பவில்லை, ஒரு குறிப்பை மட்டும் அனுப்பினார்: 5 அடிக்கு 5 அடியில் ஒரு சதுரம் வரையுங்கள், பாதி சுவரில், பாதி தரையில். தலைப்பில் சிங்கப்பூர் ஆறு என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். சங்கம் நிராகரித்துவிட்டது. இன்று சிங்கப்பூர் கலை வரலாற்றில் அதைத் தொடாமல் யாரும் பேசுவதில்லை.

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் போதும். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, சுவரிலும் தரையிலுமாக அந்தச் சதுரத்தை ஒட்டி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். விருந்தாளி வருவார், "என்னப்பா இது, டைல்ஸ் மாத்தப் போறீங்களா?" என்பார். அப்போது சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும்: அந்தக் காலத்தில் சிங்கப்பூர் ஆறும் படகுகளும் ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த காட்சி, அப்படியிருக்க ஒருவர் ஆற்றை வரையாமலே ஆறு என்று பெயர் வைத்து ஒரு காலிச் சதுரத்தைத் தந்தால் அது குறும்பா, சலிப்பா, சவாலா? இதில் என் கருத்து, மூன்றும். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் அந்தப் படைப்பின் அமைப்பே, அதனால் "நானே பண்ணிடுவேன்" என்பது இங்கே குற்றச்சாட்டாகவே நிற்காது. வேறு படைப்புகளிலும் இதைச் சோதிக்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. சில படைப்புகள் உண்மையிலேயே சோம்பேறித்தனமானவை. அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, காரணத்தோடு சொன்னால் போதும்.

பேசத் தெரியாதவர்களோடு பேச

வீட்டில் வயதானவர்கள் "எனக்கென்னப்பா தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு நான் அமண்டா ஹெங் என்ற கலைஞரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1996இல் அவர் தொடங்கிய ஒரு படைப்பில், மேசையைச் சுற்றி மக்களை உட்காரவைத்து, தவ்கே (முளைப்பயறு) வால் கிள்ளிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, கதை பேசவைத்தார். படைப்பு அவ்வளவுதான், அந்தப் பேச்சும் அந்தக் கிள்ளலும். உடனே பதில் வரும்: "இதைத்தானே நான் நாற்பது வருஷமா பண்றேன், எனக்கு யாரு பரிசு கொடுத்தா?" சரி, அங்கேயே விடாதீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சமையலறையில் பெண்கள் கூடிச் செய்த வேலையையும், அதோடு போன அரட்டையையும், யாரும் கணக்கில் எடுக்காத இவற்றைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன மாறுகிறது? இதை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசுவது உத்தமம். கை வேலையில் இருக்கும்போது ஆட்கள் தாராளமாகப் பேசுகிறார்கள்.

வரிப்பணத்தைப் பற்றிக் கவலைப்படும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு டாங் டா வூ என்ற கலைஞரின் கதையைச் சொல்லுங்கள். 1995இல் ஒரு கண்காட்சிக்கு வந்த அதிபர் ஓங் டெங் சியோங் முன்னால், "கலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார் அவர், நான் ஒரு கலைஞன், நான் முக்கியமானவன் என்ற பொருளில் ஒரு குறிப்பையும் கொடுத்தார். 1994 தொடங்கி 2003 வரை நிகழ்த்துகலைக்கு, அதாவது கலைஞர் தானே ஆட்கள் முன்னால் நின்று ஒன்றைச் செய்து காட்டுவதையே படைப்பாக்கும் கலைக்கு, அரசு நிதி கிடையாது என்ற பின்னணியையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சட்டையின் குத்தல் புரியும். மாமா முதலில் "பாரு, அவரே வேணாங்கிறாரு" என்பார். அப்புறம் யோசிப்பார்.

காசு

விலையைப் பற்றிய பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் நியூயார்க் ஏலத்தில் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம், கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019இல் முதலில் காட்டியது, 6.2 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். அந்த எண் வாங்கியவரைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் சொல்கிறது, பழத்தைப் பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை. இங்கே நாம் பார்க்கும் பெரும்பாலானவை யாரும் வாங்காதவை, வாங்கவும் முடியாதவை.

போய்ப் பார்க்கும்போது

தஞ்சோங் பகாரில் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்குக் கட்டடத்தில் 2022 முதல் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் இயங்குகிறது. அங்கும் சரி, நேஷனல் கேலரியின் நிரந்தரக் காட்சிகளுக்கும் சரி, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததன் பெரிய லாபம், எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு படைப்பைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

சுவரில் இருக்கும் அட்டையைக் கடைசியில் படியுங்கள். அதில் ஆண்டையும், எதனால் செய்யப்பட்டது என்ற வரியையும் முதலில் பாருங்கள், அந்த இரண்டு வரியும் பொய் சொல்லாது. கீழே உள்ள விளக்கப் பத்தி புரியவில்லையென்றால் குறை உங்களிடம் இருக்க வேண்டியதில்லை, பல அட்டைகள் மோசமாகத்தான் எழுதப்படுகின்றன.

கறுப்புத் திரை போட்ட அறைக்குள் வீடியோ ஓடினால் நுழைவதற்கு முன் எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். அரை மணி நேரப் படத்துக்கு நடுவில் நுழைந்து இரண்டு நிமிஷத்தில் வெளியேறி "புரியல" என்பது, எந்தப் படத்துக்கும் நியாயம் இல்லை. தங்கப் படிக்கட்டு பிரியாகீதாவே பின்னாளில் இப்படிப்பட்ட படங்களுக்குப் போய்விட்டார், மலாயா ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் உழைத்த வரலாறு அவற்றில் வருகிறது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள், திரையில் வருவதைவிட அதிகமாக அவர்கள் பேசுவார்கள், நீங்கள் குறுக்கே போகாமல் இருந்தால் சரி.

வெளியே போக நேரமே இல்லை என்பவர்களுக்கு, லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் வடகிழக்குப் பாதை ரயிலுக்காக நிற்கும்போது போனை உள்ளே வைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அங்கே இருப்பது எஸ். சந்திரசேகரனின் வேலை. 1988இல் கோ ஈ சூ, சாலே ஜாப்பார் இருவரோடும் சேர்ந்து 'திரிமூர்த்தி' என்ற கண்காட்சியை நடத்தியவர் அவர், நம் ஊர் சமகாலக் கலை அந்த ஆண்டுகளில்தான் சூடு பிடித்தது. வெளியே வந்து பெலிலியோஸ் தெருப் பக்கம் நடந்தால் கிளி ஜோசியரும் மற்ற பழைய தொழில்காரர்களும் சுவர் முழுக்க இருக்கிறார்கள், சைஃபூல் என்ற கலைஞர் வரைந்தது. நிலையத்தில் இருப்பதையும் சுவரில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நம்மைப் பற்றி உண்மையாகப் பேசுகிறது, எது சுற்றுலாப் பயணிக்காகச் சிரிக்கிறது என்று கூட வந்தவரோடு சண்டை போடுங்கள். எனக்கு அந்தச் சுவர் கொஞ்சம் இனிப்பு அதிகம். என் மனைவிக்கு அதுதான் பிடிக்கும், கிளி ஜோசியரை இனி வேறு எங்கே பார்ப்பது என்று கேட்கிறார், என்னிடம் நல்ல பதில் இல்லை.