நாய் உண்ணி: சுவரையும் பாருங்கள்

நாயின் காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் ஒட்டிய உண்ணியைப் பிடுங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை; இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணி தானே கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்கள் வீட்டில் முதல் கூட்டத்தை நாட்காட்டிக்குப் பின்னால்தான் கண்டோம். ஆகவே விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைத்து, நாயின் படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் அலசி, கால்நடை மருத்துவர் நாயின் எடைக்கேற்பத் தரும் மருந்தைத் தவணை தவறாமல் கொடுத்துவர வேண்டும். உண்ணியைச் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெயும் தடவாதீர்கள், அது தோலைப் புண்ணாக்கும். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து அதற்கு நஞ்சாகும்.