மரவட்டைக்கு நீதி எதற்கு?

சிறுவர்களுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரியில்தான் கெடுக்கிறார்கள். இதைப் பாருங்கள்:

மரவட்டை ஷூவை மாட்டுது
மாட்டுது மாட்டுது மாட்டுது
வீட்டுக்குப் போக மணி அடிச்சாச்சு
இன்னமும் ஷூவை மாட்டுது

இதோடு நிறுத்திவிட வேண்டும். ஆனால் கை சும்மா இருக்காது. ‘ஆகவே நேரத்தைப் போற்றுவோம்’ என்று ஒரு வரி சேர்ப்போம். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, வகுப்பில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்துவிடும்.

கோமாளித்தனத்துக்கும் கணக்கு உண்டு. மரவட்டைக்கு எக்கச்சக்கக் கால் என்பது குச்சியால் சீண்டி அது சுருள்வதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சிரிப்பு அந்த ஒரு உண்மைமேல் நிற்கிறது. அதே மரவட்டை பறக்கவும் செய்து, வாத்தியார் வாழைப்பழமாகி, கரும்பலகை தோசையானால் எதற்குச் சிரிப்பது என்றே தெரியாது. ஒரு பொய் போதும். மற்றதெல்லாம் நிஜமாக இருக்கட்டும்.

அடுத்தது எதுகைப் பைத்தியம். குதிரைக்குப் ‘பரி’, யானைக்குக் ‘கரி’ என்று அகராதியிலிருந்து இழுத்து வந்தால், அர்த்தம் கேட்பதிலேயே பாட்டு முடிந்துவிடும். அழ. வள்ளியப்பாவின் (1922–1989) லட்டுப் பாட்டில் தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று ‘ட்டு’ கொட்டுகிறது. ஒரு சொல்லுக்குக்கூட அகராதி வேண்டாம். நடுவே எட்டில் பாதி நாலு என்ற கணக்கும் வந்துவிடுகிறது. ஆனால் அது பாடம் மாதிரி வரவில்லை, பங்கு பிரிக்கிற அவசரமாக வருகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சாமர்த்தியமான வேலை குறைவு.

குண்டு, கறுப்பு, திக்குவாய் என்று கேலி செய்யும் பாட்டு வேண்டவே வேண்டாம். மறுநாளே அது யாரோ ஒரு பிள்ளையின் பட்டப்பெயர் ஆகிவிடும். ‘மழை வருது மழை வருது’ நாட்டுப்பாட்டில் சும்மா இருக்கிற மாமனுக்குச் சூடு வைக்கச் சொல்கிறார்கள். அங்கே சிரிப்பு அவர் சோம்பல்மேல்தான், உருவத்தின்மேல் இல்லை.

எழுதியதைக் கண்ணால் படித்துத் திருப்திப்படுவதும் தவறுதான். கைதட்டிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பாருங்கள். கைதட்டல் எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு அசை கூட இருக்கிறது, அல்லது குறைகிறது. பிறகு ஒரு ஐந்து வயதுப் பிள்ளையிடம் பாடுங்கள். சிரித்தால் மட்டும் போதாது, ‘இன்னொரு தடவை’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.